கருவாட்டுப் பானை பக்கத்தில் தோட்டாவை வைக்காதீர்கள்

துப்பாக்கி லைசென்ஸ் கைக்கு வந்ததும் "எந்த போர் (குழல் அளவு) வாங்கலாம்?" என்பதுதான் முதல் கேள்வி. வேட்டைக்கு என்றால் பேச்சே இல்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல், கவுதாரி கூடச் சுடக்கூடாது. பயிரைப் பன்றி கிளறினாலும் வனத்துறை அனுமதி வேண்டும். மிச்சம் வீட்டுக் காவலும் தோப்புக் காவலும்தான்.

அதற்கு நம் ராமநாதபுரம் கரையில் ஒற்றைக் குண்டு பாயும் ரைஃபிள் தேவையில்லை. தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை குண்டைத் தடுக்க ஒரு மலை கிடையாது. சின்னது என்று நினைக்கும் .22 ரைஃபிள் குண்டே ஒன்றரை கிலோமீட்டர் போகும். தண்ணீரில் பட்டால் தவ்வித் திசை மாறும். 12 போர் துப்பாக்கி சிதறவிடும் சிறு உருண்டைகளான ரவைக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: ரவையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அத்தனை நூறு மீட்டர். 2.5 மி.மீ. ரவை சுமார் 250 மீட்டரில் விழுந்துவிடும்.

குழலில் பொறித்த அறை (தோட்டா உட்காரும் இடம்) நீளத்தைப் படித்துவிட்டுத் தோட்டா வாங்குங்கள். பழைய துப்பாக்கிகளில் 65 மி.மீ. அறை உண்டு. 70 மி.மீ. தோட்டாவும் அதில் உள்ளே போகும், ஏனென்றால் அந்த நீளம் தோட்டாவின் மடித்த வாய் விரிந்த பிறகுள்ள அளவு. சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். இதைவிட மோசமானது, 12 போரில் தவறி விழும், அதைவிட ஒல்லியான 20 போர் தோட்டா. அது அறையைத் தாண்டிப் போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரிவதால் பின்னாலேயே 12 போரைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வைத்ததே இதற்காகத்தான். இரண்டையும் ஒரே பையில் போடவே கூடாது.

உப்புக்காற்றை எல்லோரும் திட்டுகிறோம், அமோனியாவை யாரும் நினைப்பதில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வைத்த பித்தளைத் தோட்டாக்கள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும் ஈரமும் சேர்ந்தால் பித்தளை அப்படித்தான் பிளக்கும். யூரியா மூட்டை, ஆட்டுக் கொட்டில், கருவாட்டுப் பானை எல்லாமே அந்த வகைதான். .22, .315 ரைஃபிள் வைத்திருப்பவர்கள் தோட்டாவின் வாய்ப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை கோடு தெரிந்தாலும் ஒதுக்குங்கள். 12 போரில் பல தோட்டாக்களின் அடிப்பகுதி பித்தளைப் பூச்சுள்ள இரும்பு. அது துருப்பிடித்து அறைக்குள் ஒட்டிக்கொள்ளும்.

தோல் உறையில் விட்டுவைத்தாலும் பச்சைக் களிம்பு பிடிக்கும். ரப்பர் விளிம்புள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) போட்டு, மழை ஓய்ந்த நேரத்தில் மூடுங்கள். தோட்டாவில் எண்ணெய் தடவாதீர்கள். தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் கேப்புக்குள் இறங்கினால் மருந்து செத்துவிடும்.

துப்பாக்கி விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் குழலை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி 30 விநாடி பொறுங்கள்; தாமதமாக வெடிப்பதுண்டு. 'டுப்' என்று மந்தமாகக் கேட்டால் குழலுக்குள் ஏதாவது சிக்கியிருக்கலாம், அடுத்ததைப் போடாதீர்கள். பின்பக்கம் திறந்து தோட்டாவை எடுத்துவிட்டு, அங்கிருந்து குழலின் மறுமுனை தெரிகிறதா பாருங்கள்.