3 ஹார்ட்டா, பாஸா?

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் போட்டி ஏலம் சூடுபிடித்துவிட்டால் எதிரணியை 2 ஸ்பேடில் விட்டுவிட யாருக்கும் மனசு வராது. விடலாமா என்று பார்க்க ஒரு கை போதும். (2 ஸ்பேட் என்றால், ஸ்பேடைத் துருப்பாக்கி 13 ட்ரிக்கில், அதாவது சீட்டுச் சுற்றில், ஆறுக்கு மேல் இரண்டு, மொத்தம் 8 எடுப்பதாக ஏலம்.)

பார்ட்னர் 1 ஹார்ட் திறக்கிறார். வலப்பக்கம் 1 ஸ்பேட், நீங்கள் 2 ஹார்ட், இடப்பக்கம் 2 ஸ்பேட். பிறகு இரண்டு பாஸ். முறை உங்களுடையது. உங்களிடம் ஸ்பேடில் குயீன், ஜாக், 4; ஹார்ட்டில் கிங், 8, 5; டைமண்டில் 9, 7, 3; கிளப்பில் குயீன், 10, 6, 2.

ஜான்-ரெனே வெர்ன் 1969-இல் எழுதிய கட்டுரையால் பரவிய கணக்கு இது: இரு அணிகளும் தத்தம் துருப்பில் எடுக்கக்கூடிய ட்ரிக்குகளின் கூட்டுத்தொகை, இரு அணிகளின் துருப்புச் சீட்டுகளின் கூட்டுத்தொகையை ஒட்டியே இருக்கும். இங்கே பார்ட்னரின் ஐந்தோடு நமக்கு 8 ஹார்ட், அவர்களுக்கு 8 ஸ்பேட், மொத்தம் 16. வெறும் 16 என்றால் 3 ஹார்ட் போடலாம். அவர்களுக்கு 8 ட்ரிக் கிடைத்தால் நமக்கும் 8. அவர்களின் 2 ஸ்பேடுக்கு 110 புள்ளி கொடுப்பதற்குப் பதில், ஒன்று குறைந்து 50, வல்னரபிளாக (தோற்றால் அபராதம் கூடும் நிலையில்) இருந்தால் 100 கொடுக்கிறோம்.

ஆனால் அந்த ஸ்பேட் குயீன், ஜாக் கணக்கைக் கெடுக்கின்றன. தடுப்பாட்டத்தில் ஒரு ட்ரிக் தரக்கூடிய அவை, ஹார்ட் ஆடும்போது அநேகமாகச் செத்த சீட்டுகள். மொத்தத்தை 15 என்று எடுங்கள். அவர்களுக்கு 8 என்றால் நமக்கு 7. 3 ஹார்ட்டில் இரண்டு குறைவு. வல்னரபிளாக இருந்தால் 200 போயிற்று. ஒரே சீட்டுகளைப் பல மேஜைகளில் ஆடி ஸ்கோரை ஒப்பிடும் ஜோடிப் போட்டியில் சின்ன கான்ட்ராக்ட்டுகள் ஓடும் போர்டில் இந்த 200 கிட்டத்தட்ட அடிமட்டம்தான். அவர்களுக்கு 7 என்றால் நமக்கு 8. அவர்களின் 2 ஸ்பேட் விழுந்து லாபமாக வரவேண்டியதை நஷ்டமாக்கிக்கொள்கிறோம். இரண்டு வழியிலும் பாஸ்தான். அதே புள்ளியோடு ஸ்பேட் ஒன்றும் ஹார்ட் நான்கும் இருந்தால் யோசிக்காமல் 3 ஹார்ட்.

பார்ட்னர் பாஸ் சொன்னதையும் கவனியுங்கள். ஆறாவது ஹார்ட் இருந்திருந்தால் அவரே போயிருப்பார்.

3 டைமண்ட் என்று பிரீஎம்ப்ட் செய்தவர் (எதிரணிக்கு இடம் கொடுக்காமல் எடுத்த எடுப்பிலேயே உயரத்தில் ஏலம் கேட்டவர்) மறுபடி தானாக வாய் திறக்கக் கூடாது. கையை ஒரே பிட்டில் (ஏலத்தில்) சொல்லியாயிற்று. இனி முடிவு பார்ட்னருடையது. 4 டைமண்ட் என்பது அதே சீட்டுகளை இரண்டாம் முறை விற்பது. பழகிய ஆட்டக்காரர்களும் இதில் சறுக்குகிறார்கள்.

பலி பிட்டிலும், அதாவது எதிரணியின் கான்ட்ராக்ட்டைவிடக் குறைந்த நஷ்டத்துக்காகத் தோற்பதற்கென்றே மேலே கேட்பதிலும், எண்தான் பேசும். வல்னரபிள் எதிரணியின் 4 ஸ்பேட் 620. நாம் வல்னரபிள் இல்லையென்றால் டபுளில் (அபராதத்தைக் கூட்ட எதிரணி சொல்வது) மூன்று குறைவு 500, லாபம். நான்கு குறைவு 800, நஷ்டம். நாமும் வல்னரபிள் என்றால் இரண்டு குறைவுதான் எல்லை. 4 ஸ்பேடே விழக்கூடியதாக இருந்தால் எல்லாமே வீண். ஐந்தாம் மட்டத்துக்கு அவர்கள் போனபின், சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரே விலக்கு: நம் அணி பலத்தோடு கேமுக்கு (பெரிய போனஸ் தரும் மட்டத்துக்கு) போய், எதிரணி மேலே பலி கொடுத்தால் நம் பாஸ் கட்டாயப் பாஸ். பார்ட்னர் டபுளோ பிட்டோ சொல்லியே ஆகவேண்டும். எந்தெந்த ஏலத்தில் இது செல்லும் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். மேஜையில் ஊகித்தால் டபுள் இல்லாமல் விட்டுவிட நேரும்.

நெடுநேரம் யோசித்துச் சொல்லும் பாஸ் பார்ட்னரைத்தான் கட்டிப்போடும். அந்தத் தயக்கம் காட்டிக்கொடுத்ததை வைத்து அவர் பிட் செய்தால், பிரிட்ஜ் சட்டத்தின் 16-ஆம் விதிப்படி போட்டி டைரக்டர் ஸ்கோரைத் திருத்தலாம். அதனால் 2 ஹார்ட் சொல்லும்போதே, 2 ஸ்பேட் வந்தால் என்ன செய்வது என்று முடிவெடுத்துவிடுங்கள்.