குளக்கட்டு கசிந்தால் என்ன பார்க்க வேண்டும்?

மாரி மழை ஓய்ந்து குளம் நிறைந்து நிற்கிற தை மாதத்தில், குளக்கட்டின் வெளிப்பக்க அடிவாரத்தில் நடந்து பாருங்கள். சில இடங்களில் மண் சதசதவென்று இருக்கும். சுற்றிலும் காய்ந்து கிடக்க, அங்கே மட்டும் கோரை செழித்து நிற்கும். பயப்பட வேண்டியதில்லை. மண்ணால் கட்டிய கட்டு கசியத்தான் செய்யும். வெளியே வரும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கி வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இலங்கையின் வடக்கே வன்னியிலுள்ள பெரிய குளங்களான இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எல்லாம் மண்கட்டுகள்தான். கட்டின் ஒரு பக்கம் பத்துப் பன்னிரண்டு அடிக்குத் தண்ணீர் நின்றாலே போதும், அது மண்துகள்களின் இடுக்கு வழியே மறுபக்கம் போகப் பார்க்கும். கட்டின் அகலமும் களிமண்ணின் நெருக்கமும் சேர்ந்து அதன் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. மண்ணை இழுத்துக்கொண்டு போக வலுவில்லாமல் தண்ணீர் மட்டும் மெல்ல ஊறி வெளியே வருகிறது. அதுவரைக்கும் சரி.

கசிவு வெளியே வரும் வாயில் தண்ணீரின் வேகம் கூடிவிட்டால் கதை மாறும். தண்ணீர் முதலில் வாயிலுள்ள ஒரு துகளை எடுத்துப் போகிறது. அந்தத் துகள் போனதால் தண்ணீர் மண்ணுக்குள்ளால் வரும் வழியின் நீளம் கொஞ்சம் குறைகிறது. நீளம் குறைந்தால் தள்ளும் விசை கூடும், அடுத்த துகள் இன்னும் இலகுவாகக் கழரும். இப்படி வெளியிலிருந்து குளத்தை நோக்கிப் பின்னோக்கியே ஒரு துளை வளர்ந்துகொண்டு போகும். இதைக் குழாய் அரிப்பு என்கிறார்கள். மாதக் கணக்கில் வெளியே தெரியாமல் நடப்பது, துளை குளத்தைத் தொட்டதும் சில மணி நேரத்தில் கட்டையே கொண்டுபோய்விடும். மண்கட்டு உடைந்தால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாயில் பார்த்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

காலபோகத்துக்கு, அதாவது மாரிகால நெற்செய்கைக்கு, முன்னர் கமக்காரர்கள் சேர்ந்து கட்டில் பற்றை வெட்டுவதற்கும் இதுதான் காரணம். மரவேர் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மரம் உயிரோடு இருக்கும்வரை அதில் ஓரளவு உண்மை உண்டு. மரம் பட்டுப்போனால் வேர் உக்கி, அது கிடந்த இடம் கட்டுக்குள்ளே ஆயத்தமான குழாயாகிவிடுகிறது. கறையான் புற்றும், எலியும் உடும்பும் முள்ளம்பன்றியும் தோண்டிய வளைகளும் அப்படித்தான். குறுகிய புல் மட்டும் கட்டுக்கு நல்லது. பற்றை இருந்தால் வேர் ஒரு பக்கம், கசிவு கண்ணுக்குப் படாமல் மறைவது இன்னொரு பக்கம். என் கணிப்பில் இரண்டாவதுதான் கூடிய ஆபத்து.

கசிவை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. அடிவாரத்துக் கசிவு வாய்க்காலின் குறுக்கே ஒரு தகட்டை நிறுத்தி, அதில் ஆங்கில ‘வி’ வடிவில் செங்கோண வெட்டு ஒன்று போடுவார்கள். வெட்டின் அடிமுனையிலிருந்து தண்ணீர் எத்தனை சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிற்கிறது என்று பார்த்தால் போதும். 5 சென்ரிமீற்றர் என்றால் செக்கனுக்கு ஒரு லீற்றருக்கும் குறைவாக ஓடுகிறது. 10 சென்ரிமீற்றர் என்றால் நான்கு லீற்றருக்கும் மேல். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்து மடங்கையும் தாண்டிவிடும், ஏனென்றால் மேலே போகப் போக வெட்டும் அகலமாகிறது, தண்ணீரின் வேகமும் கூடுகிறது. அதனால் ஒரு சென்ரிமீற்றர் கூடியதைச் சின்ன விசயம் என்று விடக்கூடாது. இந்த அளவை ஒரு கசிவு ஏட்டில் குறித்து, கூடவே அன்றைய குளத்து நீர்மட்டத்தையும் மழையையும் எழுத வேண்டும். குளம் 20 அடியில் நிற்கும்போது வருகிற 5 சென்ரிமீற்றரும் 34 அடியில் வருகிற 5 சென்ரிமீற்றரும் ஒன்றல்ல. மட்டம் ஏறாமல், மழையும் பெய்யாமல் கசிவு மட்டும் கூடினால் உள்ளே ஏதோ நடக்கிறது.

இனி குளத்தைப் பராமரிக்கும் அரச கந்தோருக்குள் வருவோம், அங்கே சொத்துகளை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள் என்று பார்ப்போம். மேசை, கதிரை, நீர்ப்பம்பி எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயின்ரில் இலக்கம் எழுதியிருக்கும். அரசின் நிதி விதியான நிதிப் பிரமாணம் (நி.பி.) 756இன் கீழ் வருஷக் கடைசியில் ஒரு சபை வந்து அவற்றை எண்ணும். பொருளுக்குப் பொறுப்பானவர் அந்தச் சபையில் இருக்க முடியாது. நல்ல ஏற்பாடு அது. காணாமல் போனதற்கு நி.பி. 104இன் கீழ் விசாரணை, பழுதானதற்குத் தனிப் பட்டியல், பிறகு ஏலம். ஆனால் இந்த முறை முதலில் கேட்பது பொருள் இருக்கிறதா இல்லையா என்று. குளக்கட்டை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை. எந்த வருஷம் எண்ணினாலும் அது இருக்கும், உள்ளே பலம் குறைந்துகொண்டே போனாலும்.

2017இன் முதலாம் இலக்க சொத்து முகாமைத்துவச் சுற்றறிக்கைக்குப் பிறகு, அரச சொத்துகளுக்குப் பெறுமதி போட்டுக் கணக்கில் சேர்க்கும் வேலை வேகம் பிடித்தது. வாகனம் என்றால் வாங்கிய விலையை ஆயுட்காலத்தால் பிரித்துத் தேய்மானம் போடலாம். 1902இல் தொடங்கிய இரணைமடுவுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? பராமரித்தால் மண்கட்டு நூற்றாண்டுகள் நிற்கும். வவுனிக்குளம் பழங்காலத்துக் குளம். கைவிட்டால் சில மாரிகளே போதும். வயது சொல்லாததை அந்தக் கசிவு ஏடுதான் சொல்லும், அதைச் சொத்துப் பதிவேட்டோடு சேர்த்து வைக்க வேண்டும். போரில் இடம்பெயர்ந்த கந்தோர்களின் பழைய ஏடுகள் எல்லாம் திரும்பி வரவில்லை. அதனால் இன்று எழுதுகிற ஒவ்வொரு வரியும் வரப்போகும் பொறியியலாளருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆதாரம்.

குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் மதகான துருசின் இரும்புக் கதவிலும் பார்க்க ஒன்று இருக்கிறது. நீர்மட்டம் ஏறி இறங்குகிற இடத்தில் பட்டிபோலத் துரு பிடித்திருக்கும். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஒட்சிசனும் வேண்டும். ஆழத்தில் ஒட்சிசன் குறைவு, மேலே ஈரம் குறைவு, நடுவில் இரண்டும் தாராளம். கோடைகாலச் செய்கையான சிறுபோகம் முடிந்து குளம் இறங்கிய ஆவணி, புரட்டாசியில் கதவை முழுக்க ஏற்றி இறக்கி, திருகுத் தண்டுக்கு கிறீஸ் பூசி வைத்தால் கார்த்திகையில் இறுகி நிற்காது.

சரி, கலங்கல் தண்ணீர் வருவதைக் கண்டால் என்ன செய்வது? உடனே நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குச் சொல்ல வேண்டும். சின்னக் குளம் என்றால் கமநல சேவை நிலையத்துக்கு. குளத்தின் மட்டத்தைக் குறைக்கும் முடிவை அவர்கள் எடுப்பார்கள். அதுவரை துளையைக் களிமண்ணாலோ சீமெந்தாலோ அடைக்கவே கூடாது. அடைத்தால் அழுத்தம் உள்ளே ஏறி, பக்கத்தில் வேறு வாய் திறக்கும். தண்ணீரைப் போகவிட்டு மண்ணை மட்டும் மறிக்க வேண்டும். முதலில் பருமணல், அதன்மேல் சிறுசல்லி, அதற்கும் மேல் கல். மணல் கட்டின் மண்ணை மறிக்கும், சல்லி மணலை மறிக்கும், கல்லின் பாரம் இரண்டையும் அமர்த்தி வைக்கும். சரியாக அடுக்கியிருந்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெளிந்து வரத் தொடங்கும்.