க்வில்ட்டின் பின்பக்கத்தைக் காலியாக விடாதீர்கள்

க்வில்ட் என்பது துணித் துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் அடித்துணி என்று மூன்று அடுக்காகத் தைத்த போர்வை. பழுது பார்க்கச் சொல்லி யாராவது ஒரு பழைய க்வில்ட்டைக் கொண்டுவந்தால், முதலில் அதைத் திருப்பிப் போட்டுத்தான் பார்ப்பேன். பெரும்பாலும் பின்பக்கத்தில் ஒன்றும் இருக்காது. "பாட்டி தைச்சது" என்பார்கள். அப்பாவைப் பெற்றவரா, அம்மாவைப் பெற்றவரா என்று கேட்டால் வீட்டுக்குப் போன் போடுவார்கள். பெயர் என்ன என்று கேட்டால் இன்னொரு போன். எந்த வருடம் தைத்தது என்று நான் கேட்பதே இல்லை.

நிறம், வடிவம், கண்காட்சி என்று துணிக்கலைக்காரர்கள் நாங்கள் மணிக்கணக்காகப் பேசுவோம். ஆனால் மாதக்கணக்கில் ஊசி பிடித்துத் தைத்ததைப் பெயரே போடாமல் கொடுத்துவிடுவோம். எந்த ஓவியராவது அப்படிச் செய்வாரா?

1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்க க்வில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. கட்டிலில் கிடந்த போர்வையைக் கலைப்பொருளாக உலகம் பார்க்கத் தொடங்கியதில் அந்தக் கண்காட்சிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அங்கே தொங்கியவற்றில் பெரும்பாலானவற்றைத் தைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. 2002இல் ஹூஸ்டனில் தொடங்கி அதே விட்னிக்கும் வந்த ஜீஸ் பெண்ட் க்வில்ட்டுகளின் கதை வேறு. அமெரிக்காவின் அலபாமா ஆற்று வளைவில் இருக்கும் அந்த ஊரின் கறுப்பினப் பெண்கள் பழைய துணிகளைக் கொண்டு தைத்தவை அவை; பலவற்றைப் பழைய டெனிம் வேலை உடைகளைப் பிரித்துத் தைத்தார்கள். சட்டைப் பை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர் நீலமாக நிற்கும். அவை லொரெட்டா பெட்வே, ஆனி மே யங் என்று தைத்தவர்களின் பெயரோடு மாட்டப்பட்டன.

பெயர் மட்டும் போதுமா என்றால், ஹாரியட் பவர்ஸைச் சொல்ல வேண்டும். 1837இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளை உருவங்களாகத் துணியில் வெட்டி, மேலே வைத்து அவர் தைத்த க்வில்ட் 1886இல் அதே மாநிலத்தின் ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் கொடுக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் பணமுடை வந்தபோது 10 டாலர் கேட்டு, கடைசியில் 5 டாலருக்குக் கொடுத்தார். ஸ்மித் செய்த நல்ல காரியம், ஒவ்வொரு கட்டத்துக்கும் பவர்ஸ் சொன்ன விளக்கத்தை எழுதிவைத்தது. அந்த க்வில்ட் இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய இன்னொரு க்வில்ட்டுக்கும் இப்படி எழுதிய விளக்கம் உண்டு. அதில் ஒரு கட்டம், 1833 நவம்பரில் எரிகற்கள் மழையாகக் கொட்டிய இரவு. பவர்ஸ் பிறப்பதற்கு முன் நடந்தது, காதால் கேட்ட கதை. இன்னொரு கட்டத்தில் ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவரை 500 மைல் ஓடிய ஒரு பன்றி. குறிப்பு இல்லாவிட்டால் நாம் பார்ப்பது சில நட்சத்திரங்களும் ஒரு பன்றியும்தான்.

அதனால்தான், பெயரோடு வடிவம் எங்கிருந்து வந்தது என்பதையும் பின்பக்கத்தில் எழுதச் சொல்கிறேன். 'லாக் கேபின்' (நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிப் பட்டைப் பட்டையாகத் துணி) மாதிரி ஊரெல்லாம் தைக்கும் வடிவத்துக்குப் பெயர் எழுதினாலே போதும். கவந்தி அப்படியில்லை. வட கர்நாடகத்தில், உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் பழைய புடவையும் சட்டையும் கிழித்துத் தைக்கும் போர்வை அது. ஓரத்தில் தொடங்கி உள்நோக்கி வந்து நடுவில் முடிப்பார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்து 'பூலா' என்று ஒரு பூ வைப்பார்கள். அந்த முறையில் தைத்துவிட்டு 'என் சொந்த டிசைன்' என்று கண்காட்சியில் மாட்டுவது சரியில்லை. 'சித்திப் பெண்களின் கவந்தி முறையில்' என்று ஒரு வரி எழுதினால் உங்கள் திறமை ஒன்றும் குறைந்துவிடாது.

எழுதுவதற்குத் துவைத்துச் சுருங்கிய காடாத் துணி நல்லது. பால்பாயின்ட் மை பரவும், ஜெல் பேனா துவைத்தால் போய்விடும். துணிக்கென்றே விற்கும் பிக்மென்ட் மைப் பேனாவால் எழுதி, காய்ந்தபின் அயர்ன் செய்யுங்கள். வெட்டுத்துணி ஒன்றில் எழுதித் துவைத்துப் பார்த்துவிட்டு நிஜத்தில் இறங்குங்கள். 19ஆம் நூற்றாண்டு க்வில்ட்டுகள் சிலவற்றில் இரும்புச்சத்துள்ள மை துணியையே அரித்து, கையெழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. (நம் ஊரில் சலவைக்கு எடுப்பவர்கள் சேங்கொட்டைச் சாற்றால் போட்ட குறி துணி கிழிந்தாலும் போகாது. ஆனால் அந்தச் சாறு தோலில் பட்டால் கொப்பளித்துவிடும், வீட்டில் முயல வேண்டாம்.) பொறுமை இருந்தால் நூலால் எழுதுவதே மேல்.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைப்பதற்கு முன்பே, எழுதிய இந்தத் துணிச் சீட்டை அடித்துணியில் தைத்துவிடுங்கள். மேல் தையல் அதன் மீதும் ஓடும். அப்புறம் யாராவது பிரிக்க நினைத்தால் க்வில்ட்டையே பிரிக்க வேண்டும். கண்காட்சிக்காக மேல் ஓரத்தில் கம்பி நுழைக்க 4 அங்குலக் குழல் தைப்போம், அதனால் சீட்டு கீழ் மூலையில் இருக்கட்டும். முழுப் பெயர், ஊர், வருடம், என்ன துணி, என்ன பஞ்சு, எப்படித் துவைப்பது, வடிவம் எங்கிருந்து. யாருக்காகத் தைத்தது என்பதும் இருந்தால் நல்லது. ஏற்பாட்டாளர்கள் ஒட்டும் அட்டையை நம்ப வேண்டாம், கண்காட்சி முடிந்த அன்றே அது குப்பைக்குப் போய்விடும்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய போர்வையில் பேனா படவே கூடாது. தனித் துணியில் எழுதி, அடித்துணியை மட்டும் பிடித்து நான்கு தையல் போடுங்கள். துணி நைந்திருந்தால் அதுவும் வேண்டாம். குறிப்பை எழுதி, போர்வையின் போட்டோவோடு கூடவே வைத்தால் போதும். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்: யார் வீட்டிலிருந்து வந்தது, யார் கொடுத்தார்கள், '1970க்கு முன் இருக்கலாம்' என்கிற மாதிரி. சந்தேகம் இருந்தால் 'இருக்கலாம்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், பின்னால் படிப்பவர் உங்கள் ஊகத்தையே ஆதாரமாக எடுத்துக்கொள்வார்.