டெண்டர்னா என்ன, ஒப்பந்தப்புள்ளின்னா என்ன

எங்க தண்டையார்பேட்டை பக்கம் டெண்டர்ங்கற ஒரே வார்த்தைய வச்சு நாலு விஷயம் பேசுவாங்க. "டெண்டர் விட்டுருக்காங்க"ன்னா அறிவிப்பு வந்துருக்கு, "டெண்டர் போட்டாச்சு"ன்னா விலை எழுதிக் குடுத்தாச்சு, "டெண்டர் ஓப்பன் ஆயிடுச்சு"ன்னா கவரப் பிரிச்சாச்சு, "டெண்டர் எடுத்துருக்காரு"ன்னா வேலையே அவருக்குத்தான். இதுல டெண்டர்ங்கற பேரு சரியா பொருந்தறது ரெண்டாவதுக்கு மட்டும்தான்.

லத்தீன்ல டெண்டரேன்னா நீட்டறது, இழுத்துப் பிடிக்கறது. அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து, ஒருத்தர் முன்னாடி நீட்டிக் குடுக்கறதுன்னு ஆச்சு. துணிய இழுத்துக் கட்டுன டெண்டு, தினம் நாம படற டென்ஷன், ரெண்டுக்கும் அதே வேர்தான். 2016 நவம்பர் 8 ராத்திரி பழைய 500, 1000 நோட்டு இனிமே லீகல் டெண்டர் இல்லன்னு சொன்னாங்களே, அதுவும் இந்த டெண்டர்தான், கடனுக்கு நீட்டுனா செல்லுபடியாகற துட்டு. டெண்டர் கோகனட்ல வர்ற டெண்டர் வேற, அது மென்மைன்னு பொருள்படற இன்னொரு லத்தீன் சொல்லுல இருந்து வந்தது.

அப்ப நீட்டறது யாரு, நாமதான். கவர்மெண்ட் டெண்டர் "விடறது" இல்ல, கேக்குது. நோட்டீஸ எடுத்துப் படிங்க, "ஒப்பந்தப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன"ன்னோ "கோரப்படுகின்றன"ன்னோ தான் இருக்கும். ஒப்புக்கறதுல வர்ற அதே ஒப்புதான் ஒப்பந்தத்துலயும் இருக்கு. புள்ளின்னா இங்க கணக்கு, தொகை, புள்ளிவிவரத்துல வர்ற புள்ளி. கொட்டேஷனுக்கு விலைப்புள்ளின்னு சொல்றோமே, அதுக்கு அண்ணன் முறை இது. ஒப்பந்தத்துக்காக நாம வைக்கற தொகை, அவ்ளோதான், ஒப்பந்தம் இன்னும் வரல. இலங்கைத் தமிழர்ங்க இத கேள்விப்பத்திரம், விலைமனுன்னு சொல்றாங்க, விலைமனுவும் எனக்குப் பிடிச்ச சொல்லு, மனுன்னாலே இன்னும் கைக்கு வரலன்னு புரிஞ்சிடுது பாருங்க.

இத நான் இவ்ளோ அழுத்திச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. எங்க பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா முறை, பத்து பன்னெண்டு பேர வச்சு க்ளீனிங் வேலை எடுத்துச் செய்றாங்க. மொத தடவையா ஒரு அரசு கட்டடத்துக்குப் போட்டாங்க. ரெண்டு கவர் முறை, மொதல்ல தகுதி பாக்கற டெக்னிக்கல் கவரு, அதுல தேறுனவங்களோட விலைக் கவரத்தான் அப்புறம் பிரிப்பாங்க. மொத கவர் பிரிச்ச அன்னிக்கே "டெண்டர் ஓகே ஆயிடுச்சு"ன்னு ஒருத்தர் போன்ல சொல்லிட்டாரு, அக்காவும் நம்பி நாலு பேர்கிட்ட சொல்லிட்டாங்க, அந்த நாலு பேரும் பாத்துக்கிட்டிருந்த வூட்டு வேலைய விட்டுட்டு வந்துட்டாங்க. விலைக் கவர் பிரிச்சப்ப அக்கா மூணாவது எடம். அந்த நாலு பேருக்கும் ஒரு மாசச் சம்பளம் போச்சு. தப்பா ஒண்ணும் சொல்லல அவரு, டெக்னிக்கல் ஓகேதான் ஆச்சு, ஆனா டெண்டர்னு சொன்னதும் எல்லாருக்கும் வேலைன்னுதான் காதுல விழுந்துச்சு. புள்ளி வச்சிருக்கோம், கோலம் இன்னும் போடலன்னு தமிழ்ல சொல்லிருந்தா யாரும் வேலைய விட்டுருக்க மாட்டாங்க.

ஏலத்தையும் இதோட குழப்பிக்கறாங்க. காசிமேட்டுல விடிகாலைல மீன் ஏலம் பாத்தவங்களுக்குத் தெரியும், எல்லார் காதுலயும் விழற மாதிரி கூவி விலைய ஏத்துவாங்க, ஜாஸ்தி கேட்டவருக்கு மீனு. ஏலம்ங்கறதே போர்ச்சுகீஸ்ல இருந்து வந்த சொல்லு, சாவி, ஜன்னல், அலமாரி மாதிரி. ஒப்பந்தப்புள்ளி அதுக்கு நேர் எதிர், அடுத்தவர் எவ்ளோ போட்டாருன்னு தெரியாம மூடி வைக்கறது, இந்த மாதிரி வேலைக்குத் தகுதியானவங்கள்ல கம்மியா போட்டவருக்குத்தான், அவரத்தான் எல்-1ன்னு சொல்றது. தமிழ்நாட்டுல இதுக்குன்னு 1998-ல ஒரு வெளிப்படைத்தன்மைச் சட்டம், 2000-ல விதிகள் எல்லாம் வந்துச்சு. இப்ப சீல் வச்ச கவரும் பொட்டியும் போய் முக்காவாசி ஆன்லைன்தான், டிஜிட்டல் சிக்னேச்சர் இல்லாம உள்ளயே போக முடியாது.

கம்மியா போடணும்னதும் அவசரத்துல எத விடுவாங்கன்னா ஆளுங்க பக்கத்துக் கணக்கதான். பினாயில், மாப், ப்ளீச்சிங் பவுடர், துடப்பம் எல்லாம் மறக்காது. முதலாளி பங்கு பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், லீவுக்கு மாத்து ஆள், கையுறை, இதெல்லாம் சேக்காம போட்ட புள்ளில வேலை கிடைச்சாலும் அந்த நஷ்டம் கூட்டறவங்க சம்பளத்துலதான் போய் உக்காரும். அக்கா ரெண்டாவது தடவை போடறப்ப தரைல நோட்டப் பிரிச்சு வச்சு கக்கூஸ் எத்தன, மாடிப்படி எத்தன, ஒருத்தரால ஒரு நாளைக்கு எவ்ளோ முடியும்னு ராத்திரி பன்னெண்டு வரைக்கும் எழுதுனாங்க, போன தடவை வூட்டு வேலைய விட்டுட்டு வந்தவங்கள்ல ரெண்டு பேரு பக்கத்துல உக்காந்து "அந்த வராண்டாவுக்கு ஒரு ஆள் பத்தாதுக்கா"ன்னு திருத்திக்கிட்டே இருந்தாங்க.

டெண்டர் நோட்டீஸ்னா ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, கான்ட்ராக்ட்னா ஒப்பந்தம், ஒர்க் ஆர்டர்னா பணி ஆணை. கடைசியா சொன்னது கைக்கு வந்தாதான் வேலை. போன வாரம் தெருவுல ஒரு அம்மா "டெண்டர் கிடைச்சிடுச்சாமே"ன்னு கேட்டாங்க, அக்கா துணி காயப்போட்டுக்கிட்டே சொன்னாங்க, "புள்ளிதான்மா குடுத்துருக்கேன், ஆணை வரட்டும், அதுவரைக்கும் யாரும் இருக்கற வேலைய விடாதீங்க."