ஐந்து குழந்தைகள் பிறந்த ஆண்டு

"எங்கள் கிராமத்தில் 400 பேர் இருக்கிறோம். போன ஆண்டு 11 குழந்தைகள் பிறந்தன, இந்த ஆண்டு ஐந்துதான். ஊருக்கு ஏதோ சாபம் என்கிறார்கள். ஊர் தேய்கிறதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஒரு நாணயத்தை 10 முறை சுண்டி 7 முறை தலை விழுந்தால் யாருக்கும் வியப்பில்லை. 1,000 முறை சுண்டி 700 முறை தலை விழுந்தால் நாணயத்தையே சந்தேகிப்போம். இரண்டும் 70 சதவீதம்தானே! ஒரு தலை கணக்கை ஒரு பக்கம் இழுக்க, அடுத்து விழும் பூ மறுபக்கம் இழுக்கிறது. சுண்டச் சுண்ட இந்த இழுபறியில் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. மிஞ்சும் விலகலும், அதாவது சரிபாதியிலிருந்து கணக்கு தள்ளி நிற்கும் அளவும், வளரத்தான் செய்கிறது, ஆனால் மெதுவாக: எண்ணிக்கை நூறு மடங்கானால் விலகல் பத்து மடங்குதான் ஆகும். இந்த வர்க்கமூல விதியை 18ஆம் நூற்றாண்டிலேயே கணித அறிஞர் ஆபிரகாம் டி மோவர் கணக்கிட்டுக் காட்டிவிட்டார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத விதி இது.

இப்போது கிராமத்துக்கு வருவோம். ஆண்டுக்குச் சராசரியாக 8 பிறப்புகள் என்றால், 8இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 3. ஓராண்டில் மூன்று கூடுவதும் குறைவதும் சகஜம். ஆக ஐந்தும் இயல்பு, பதினொன்றும் இயல்பு. நான்கு லட்சம் பேர் வாழும் நகரத்தில் 8,000 பிறப்புகளுக்கு விலகல் சுமார் 90, அதாவது ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். நகரம் அசையாமல் நிற்க, கிராமம் 35 சதவீதம் ஆடுகிறது. அமெரிக்காவில் சிறுநீரகப் புற்றுநோய் மிகக் குறைவாகப் பதிவான மாவட்டங்கள் பெரும்பாலும் மக்கள்தொகை குறைந்த கிராமப்புறங்கள். மிக அதிகமாகப் பதிவானவையும் அதே வகை ஊர்கள்தான். தூய காற்றையோ வறுமையையோ காரணமாகச் சொல்லக் கிளம்பியவர்கள் இங்கே தடுமாறிப்போனார்கள். ஊர் சிறியது என்பதால் வரும் ஆட்டம்தான் இரண்டுக்கும் காரணம்.

வருமானக் கணக்கிலும் இதே ஆட்டம். 99 வீடுகளின் வருமானம் தலா 10 பங்கு, புதிதாகக் குடிவந்த ஒரு வீட்டுக்கு 1,010 பங்கு என்றால் சராசரி 20. ஊரே இரட்டிப்பு வளம் பெற்றதாக அறிக்கை சொல்லும், பழைய வீடு எதிலும் ஒரு காசுகூடக் கூடியிருக்காது. வரிசையில் நடுவே நிற்கும் வீட்டைப் பார்த்தால் இன்னமும் 10தான்.

ஊரில் பல பிரிவினர் கலந்து வாழும் பன்முகத்தன்மையின் கணக்கும் சிறிய ஊரில் இப்படித்தான் ஆடும். அதை அளக்க 1949இல் புள்ளியியலாளர் எட்வர்ட் சிம்ப்சன் எளிய வழி ஒன்றைச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு இருவரைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் வெவ்வேறு பிரிவினராக இருக்க எவ்வளவு வாய்ப்பு? 380 பேர் ஒரு பிரிவு, 20 பேர் மற்றொன்று என்றால் 9.5 சதவீதம். சிறுபான்மைப் பிரிவில் இன்னும் நான்கைந்து குடும்பங்கள், 20 பேர், வந்து சேர்ந்தால் 17 சதவீதம்!

ஓராண்டுப் புள்ளியை வைத்துப் பள்ளிக்கூடத்தை மூடுவதும் பஸ்ஸை நிறுத்துவதும் அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. 65,000 பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை பெரும்பாலும் ஐந்தாண்டுத் தரவுகளைச் சேர்த்தே மதிப்பீடு வெளியிடுகிறது. இதற்கெல்லாம் ஆளும் பணமும் வேண்டும். கணக்கெடுப்புக்கு நிதியை வெட்டும் அரசுகள் முதலில் சிறிய ஊர்களின் கண்ணைத்தான் கட்டுகின்றன.

வாசகர் செய்ய வேண்டியது இதுதான். பிறப்புப் பதிவேட்டில் கடந்த ஐந்தாண்டுகளைக் கூட்டுங்கள். 40ஐ ஒட்டி வந்தால் நிம்மதியாக இருங்கள். அடுத்த ஐந்தாண்டுக் கூட்டல் 20ஆக இறங்கினால், எந்தெந்த வீடுகளிலிருந்து இளம் தம்பதியர் வெளியேறினார்கள் என்று தேடத் தொடங்குங்கள்.