மோரும் வேண்டாம், தேனும் வேண்டாம்: ஆங்கிலப் பெயரடைக்குப் பின் எந்த ப்ரெபொசிஷன்?

தமிழில் ஒருவர் மேல்தான் கோபம் வரும். அதனால் "ஐ யாம் ஆங்க்ரி ஆன் ஹிம்" என்று வாயில் தானாக வந்துவிடுகிறது. ஒருவரோடு கல்யாணம், அதனால் "மேரிட் வித்". கணக்கில் கெட்டி, அதனால் "குட் இன் மேத்ஸ்". ஆங்க்ரி, குட் போன்ற பெயரடைகளுக்குப் பின் நம் வேற்றுமை உருபை அப்படியே ஆன், வித், இன் போன்ற ஆங்கில ப்ரெபொசிஷனாகக் கொண்டுபோவதால் வரும் பிழைகள் இவை. ஆங்கிலத்தில் ஆளிடம் என்றால் ஆங்க்ரி வித், விஷயம் என்றால் ஆங்க்ரி அபவுட். கல்யாணத்துக்கு மேரிட் டு. திறமைக்கு குட் அட்.

உருபு எப்போதும் காலை வாருவதில்லை. இசையில் ஆர்வம் என்பது இன்டரஸ்டட் இன், இதற்குச் சமம் என்பது ஈக்வல் டு. இப்படி நாலு இடத்தில் பொருந்திவிடுவதால்தான் ஐந்தாவது இடத்தில் யோசிக்காமல் விழுகிறோம்.

"என்னைவிட சீனியர்" என்பதை "சீனியர் தேன் மீ" என்று எழுதுவது இன்னொரு வழக்கமான சறுக்கல். சீனியர், ஜூனியர், சுபீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனிலேயே ஒப்பீட்டு வடிவத்தில் இருந்த சொற்கள். 'அதிகம்' என்ற பொருள் உள்ளேயே இருப்பதால் முன்னால் மோர் போடக்கூடாது, பின்னால் தேன் போடக்கூடாது. டு மட்டும் போதும்.

பிழை என்று தெரியாமலேயே பொருள் மாறிப்போகும் இடங்கள்தான் உண்மையில் வம்பு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது "ஐ யாம் ஃபெமிலியர் டு எக்செல்" என்று எழுதினால், எக்செலுக்கு உங்களைத் தெரியும் என்று ஆகிவிடும்! ஆள் எழுவாயாக இருந்தால் ஃபெமிலியர் வித். பொருள் எழுவாயாக இருந்தால் ஃபெமிலியர் டு மீ. ரெஸ்பான்சிபிள் இன்னும் மோசம், ஏனென்றால் தமிழில் இரண்டுக்கும் 'கு' உருபுதான். இந்த வேலைக்கு நான் பொறுப்பு என்றால் ரெஸ்பான்சிபிள் ஃபார். மேலாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்றால் ரெஸ்பான்சிபிள் டு. மாற்றிப் போட்டால் மேலாளர் செய்வதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பேற்றதாகிவிடும். டயர்ட் ஃப்ரம் வாக்கிங் என்றால் நடந்து கால் ஓய்ந்துவிட்டது. டயர்ட் ஆஃப் வாக்கிங் என்றால் நடப்பதே அலுத்துவிட்டது.

ப்ரெபொசிஷனுக்குப் பின் வினை வந்தால் 'இங்' வடிவம்தான்: கேப்பபிள் ஆஃப் டூயிங். பழகிவிட்டது என்ற பொருளில் வரும் யூஸ்ட் டு என்பதிலும் டு ஒரு ப்ரெபொசிஷனே. ஆகவே "ஐ யாம் யூஸ்ட் டு வேக்கிங் அப் அர்லி". ஆனால் பின்னால் 'தட்' வாக்கியம் வந்தால் ப்ரெபொசிஷன் கழன்றுவிடும். அவேர் ஆஃப் த ரிஸ்க் சரி, அவேர் தட் இட் இஸ் ரிஸ்கி சரி, அவேர் ஆஃப் தட் இட் இஸ் ரிஸ்கி தவறு. கேள்வியில் அது கழல்வதில்லை, வாலாகக் கடைசியில் தொங்கும்: "வாட் ஆர் யூ அஃப்ரெய்ட் ஆஃப்?" அந்த வாலை நறுக்கிவிடுபவர்கள் நிறையப் பேர்.

இருநூறு சொல் பட்டியலை மனப்பாடம் செய்வது வீண் வேலை, இரண்டு நாளில் எல்லாம் கலந்துவிடும். பெயரடையைத் தனியாகக் குறிக்காமல் ஒரு துண்டாக எழுதி வையுங்கள்: ப்ரவுட் ஆஃப் மை டாட்டர், ஃபாண்ட் ஆஃப் மியூசிக். சந்தேகம் வந்தால், மொழி கற்பவர்களுக்கான ஆங்கில அகராதியில் பெயரடையின் எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். எந்த ப்ரெபொசிஷன் சேரும் என்பது அங்கேயே இருக்கும்.

டிஃபரன்ட் ஊருக்கு ஊர் மாறும். பிரிட்டனில் டிஃபரன்ட் டு என்றும் அமெரிக்காவில் டிஃபரன்ட் தேன் என்றும் கேட்கலாம். தேர்வுத் தாளில் டிஃபரன்ட் ஃப்ரம் என்று எழுதினால் யாரும் சுழிக்க மாட்டார்கள்.