இரண்டு எஞ்சின், ஒரே சுக்கான்: வீட்டு சிமுலேட்டரில் மஸ்கிட்டோ

சிமுலேட்டரில் ஸ்பிட்ஃபயர் என்ற ஒற்றை எஞ்சின் போர்விமானத்தை ஓட்டிக் கைதேர்ந்தவர்கள்கூட, மஸ்கிட்டோ என்ற இரட்டை எஞ்சின் போர்விமானத்தில் முதல் தடவை த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை) தள்ளியதும் ஓடுபாதையின் இடது ஓரத்தைத் தாண்டிப் புல்வெளிக்குள் போய்விடுவது சகஜம். பக்கத்துக்கு ஒரு எஞ்சின் இருக்கும்போது விமானம் நேராகத்தானே ஓட வேண்டும் என்று தோன்றும். ஆனால் இரட்டை எஞ்சின் விமானத்தை ஓட்டுவதில் பெரும்பகுதி, அந்த இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கட்டி மேய்ப்பதுதான். எஞ்சினைக் கிளப்புவது முதல் தரையிறங்கி நிற்பது வரை இந்த ஒரு சங்கதியே வேறு வேறு வேடத்தில் வரும்.

டி ஹாவிலண்ட் மஸ்கிட்டோ முதலில் பறந்தது 1940 நவம்பர் 25-இல், இங்கிலாந்தின் ஹாட்ஃபீல்டில். உடல் முழுக்க மரம்: பிர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பால்சா. இன்று டி.சி.எஸ். வேர்ல்டு என்ற கணினி சிமுலேட்டரில் கிடைப்பது எஃப்.பி. மார்க் 6 என்ற போர்-குண்டுவீச்சு வகை. மூக்கின் அடியில் நான்கு 20 மி.மீ. பீரங்கிகள், மூக்கில் நான்கு .303 இயந்திரத் துப்பாக்கிகள், இறக்கைக்கு ஒன்றாக இரண்டு மெர்லின் 25 எஞ்சின்கள். துப்பாக்கிகளைப் பற்றி எழுத ஆள் நிறைய உண்டு. இங்கே எஞ்சின்களை மட்டும் பார்ப்போம்.

இடப்பக்கம் இழுப்பது ஏன்?

இரண்டு மெர்லின்களும் ஒரே திசையில்தான் சுற்றும். விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் வலஞ்சுழி. வால் தரையில் கிடக்க மூக்கு வானத்தைப் பார்த்து நிற்கும்போது, கீழே இறங்கும் புரொப்பெல்லர் இலை மேலே ஏறும் இலையைவிடக் காற்றைப் பலமாகக் கடிக்கும். வலஞ்சுழிப் புரொப்பெல்லரில் இறங்கும் இலை வலது பாதியில் இருக்கிறது. ஆகவே இரண்டு எஞ்சின்களின் இழுவிசை மையமும் கொஞ்சம் வலப்பக்கம் நகர்கிறது: வலது எஞ்சினுடையது உடலைவிட்டு விலகுகிறது, இடது எஞ்சினுடையது உடலை நெருங்குகிறது. நெம்புகோல் வலது பக்கம் நீண்டுவிட, மூக்கு இடப்பக்கம் திரும்புகிறது. புரொப்பெல்லர் முறுக்கிவிடும் காற்று வாலில் மோதுவதும் அதே பக்கம்தான் தள்ளும்.

வாலைத் தூக்கும் கணத்தில் இன்னொன்றும் சேரும். சுற்றும் புரொப்பெல்லர் ஒரு பம்பரம். அதன் அச்சைச் சாய்த்தால், சாய்த்த திசையில் போகாமல் தொண்ணூறு பாகை தள்ளி எதிர்வினை காட்டும். வலஞ்சுழிப் புரொப்பெல்லரில் வால் எழும்போது அது இடப்பக்கத் திருப்பமாக வரும். இங்கே இரண்டு பம்பரங்கள், இரண்டும் ஒரே பக்கம். வாலைச் சடாரென்று தூக்குபவர்கள் புல்லில் இறங்குவது இதனால்தான்.

அமெரிக்க பி-38 லைட்னிங் இந்தத் தொல்லையை எதிரெதிர்த் திசையில் சுற்றும் புரொப்பெல்லர்களால் தீர்த்துக்கொண்டது. ஆனால் அவை வெளிப்பக்கமாகச் சுற்றுவதால் இறங்கும் இலைகள் இரண்டு பக்கமும் வெளியில் அமைந்தன. எந்த எஞ்சின் நின்றாலும் மிஞ்சியிருப்பது உடலைவிட்டு விலகி இழுக்கும் எஞ்சின்தான். மஸ்கிட்டோவில் அப்படியில்லை. இடது எஞ்சின் நின்றால்தான் மோசம். வலது நின்றால் நிலைமை சற்றே தேவலை.

மேசையில் செய்ய வேண்டியவை

ஓடுபாதைக்குப் போகுமுன் கருவிகளைச் சரிபார்ப்பது நல்லது. "விமானம் இழுக்கிறது" என்ற புகார்களில் பல மேசையிலேயே பிறப்பவை.

த்ராட்டிலுக்கு இரண்டு தனி அச்சுகள் (நெம்புகோலின் அசைவைச் சிமுலேட்டருக்குச் சொல்லும் தடங்கள்) வேண்டும். ஒரே நெம்புகோலை இரண்டு எஞ்சினுக்கும் பூட்டிவிட்டால் விமானத்தின் முக்கியமான கட்டுப்பாட்டையே பிடுங்கிப் போட்டது போல. இரட்டை நெம்புகோல் இருந்தாலும் இரண்டு சென்சார்களும் ஒரே மாதிரி அளப்பதில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று 48 சதவீதம் காட்டும், இன்னொன்று 52. சிமுலேட்டரின் அச்சு அமைப்பில் இரண்டின் மேல் எல்லையையும் திருத்தி, கடைசி வரை தள்ளும்போது எஞ்சினுக்குள் போகும் அழுத்தத்தைக் காட்டும் இரண்டு பூஸ்ட் முள்ளும் ஒன்றாக உச்சம் தொடுமாறு செய்யுங்கள். கீழ் எல்லையிலும் அப்படியே. அதன் பயன் தரையிறங்கும்போது தெரியும்.

மஸ்கிட்டோவில் உண்மையில் நான்கு நெம்புகோல்கள்: இரண்டு த்ராட்டில், இரண்டு சுற்றுவேகம். சுற்றுவேகத்துக்குத் தனி நெம்புகோல் இல்லாதவர்கள் திருகு குமிழ்களில் பூட்டிக்கொள்ளலாம். அவசரத்தில் அதிகம் தொடாத கட்டுப்பாடு என்பதால் குமிழே போதும்.

அடுத்தது இரட்டைப் பூட்டு. புதிதாக ஒரு கருவியைச் செருகினால் டி.சி.எஸ். தானாகவே அதற்கும் அச்சுகளை ஒதுக்கிவிடும். ஜாய்ஸ்டிக்கின் முறுக்கு அச்சும் கால் பெடலும் ஒரே ரடரை (வாலில் உள்ள சுக்கானை) ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். ரடர் காரணமின்றித் துடித்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ரடர் அச்சுக்கு 15 முதல் 20 வரை வளைவு கொடுத்தால் நடுவில் மென்மை கிடைக்கும். தானாக ரடர் மிதிக்கும் உதவி வசதி இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள். அது தப்பை மறைக்கும். கால் பழகவே பழகாது.

பூஸ்டும் சுற்றும்

பிரிட்டிஷ் விமானங்களில் பூஸ்ட் என்பது எஞ்சினுக்குள் தள்ளப்படும் கலவையின் அழுத்தம் சாதாரண வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்ற கணக்கு. +18 என்றால் 14.7-உம் 18-உம் சேர்ந்து 32.7 பவுண்டு. அமெரிக்க விமானங்களின் பாதரச அங்குலத்தில் ஏறக்குறைய 67.

மெர்லின் 25-க்கான வரம்புகள் மனப்பாடமாகவே இருக்கட்டும். சண்டைக்கு நிமிடத்துக்கு 3000 சுற்று, +18, ஐந்து நிமிடம். ஏறுவதற்கு 2850 சுற்று, +9, ஒரு மணி நேரம். தொடர்ந்து பறக்க 2650 சுற்று, +7. சக்தியைக் கூட்டும்போது முதலில் சுற்று, பிறகு பூஸ்ட். குறைக்கும்போது முதலில் பூஸ்ட், பிறகு சுற்று. மாற்றிச் செய்தால் குறைந்த சுற்றில் அதிக அழுத்தம் ஏறி, கலவை சீராக எரியாமல் சிலிண்டருக்குள் வெடிக்கும். கறாரான சிமுலேட்டரில் எஞ்சின் கரகரத்து, புகைந்து, சில நிமிடங்களில் செத்துப்போகும்.

குளிர்விப்பு ரேடியேட்டர்கள் உடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே, இறக்கையின் முன்விளிம்பில் இருக்கின்றன. தரையில் நிற்கும்போது காற்று போதாது. எஞ்சினைக் கிளப்புமுன்பே கதவுகளைத் திறந்துவிடுங்கள். சூடேறியபின் ஓடுபாதை முனையில் வேடிக்கை பார்த்து நிற்காதீர்கள்.

இரண்டு எஞ்சினின் சுற்றையும் ஒன்றாக்குவதற்கு மானியைவிடக் காதே சிறந்த கருவி. மெர்லின் 25-இன் பற்சக்கரத் தொகுதி சுற்றை 0.42 மடங்காகக் குறைக்கிறது. எஞ்சின் 3000 சுற்றில் ஓடினால் புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 1260, அதாவது வினாடிக்கு 21. இலைகள் மூன்று என்பதால் அவை வினாடிக்கு 63 தடவை காற்றை அடிக்கும். மற்ற எஞ்சின் 2950-இல் ஓடினால் அங்கே ஏறத்தாழ 62 தடவை. இரண்டு ஒலியும் கலந்து வினாடிக்கு ஒரு தடவை "வ்வோம்... வ்வோம்..." என்று ஏறி இறங்கும். 50 சுற்று வித்தியாசம் மானியில் ஒரு முள்ளின் தடிமன்தான். காதுக்கு அது தெளிவான விம்மல். வலது குமிழை மெல்லத் திருகுங்கள். விம்மல் நீண்டுகொண்டே போனால் சரியான திசை; இரண்டு வினாடிக்கு ஒன்று, ஐந்து வினாடிக்கு ஒன்று, பிறகு ஒரே ரீங்காரம்.

ஓடுபாதையில்

வால்சக்கரம் தன்னிஷ்டத்துக்குச் சுழலும் வகை. எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், மூக்கு கொஞ்சம் திரும்பினால் வால் அதை இன்னும் திருப்பிவிடும். தானாக நேராகாது. எனவே ஓடுபாதையில் நின்றபின் சில மீட்டர் நேராக உருண்டு வால்சக்கரத்தை நேராக்கிக்கொள்ளுங்கள். பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குவது. கட்டுப்பாட்டுத் தண்டில் ஒரு பிடி, அதை அழுத்தியபடி பெடலை மிதித்தால் மிதித்த பக்கச் சக்கரம் மட்டும் பிடிக்கும். அந்தப் பிடியைப் பொத்தானில் பூட்டாமல் ஓர் அச்சில் பூட்டினால் மென்மையாகப் பிடிக்கலாம்.

மடிப்பு (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் ஃபிளாப்) 15 பாகை. த்ராட்டில்களைத் தள்ளும்போது இடது நெம்புகோல் வலதைவிட ஒரு கட்டைவிரல் அகலம் முன்னால் போகட்டும். ரடருக்கு இன்னும் காற்று கிடைக்காத முதல் சில வினாடிகளில் மூக்கைப் பிடித்து வைப்பது இந்தக் கட்டைவிரல்தான். அவசரமே வேண்டாம், ஆறேழு வினாடி எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60, 70 மைலில் ரடருக்கு உயிர் வந்ததும் நெம்புகோல்களைச் சமமாக்கி, வாலைப் பையத் தூக்குங்கள். ஆரம்பப் பயிற்சிக்கு +18 தேவையே இல்லை. காலி விமானத்துக்கு +9 தாராளம்.

விமானி இருக்கை இடப்பக்கம் இருக்கிறது. திரையின் நடுவில் ஓடுபாதையின் நடுக்கோடு தெரிந்தால் விமானம் கோட்டுக்குச் சற்று வலப்பக்கம் நிற்கிறது என்று பொருள். புதியவர்களில் பலர் இதை இழுப்பு என்று நினைத்துத் தேவையில்லாமல் பெடலை மிதிக்கிறார்கள்.

ஒரு எஞ்சின் நின்றால்

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மெர்லின் 25 சுமார் 1600 குதிரைத்திறன் தரும். மணிக்கு 120 மைலில், புரொப்பெல்லர் அதில் 65 சதவீதத்தை இழுவிசையாக மாற்றுகிறது என்று கொண்டால் சுமார் 14,000 நியூட்டன். கிட்டத்தட்ட ஒன்றரை டன் இழுப்பு. எஞ்சின் நடுக்கோட்டிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளியிருப்பதாக வைத்தால் திருப்புவிசை 35,000 நியூட்டன் மீட்டர். ரடர் ஏழு மீட்டர் பின்னால் இருந்தால் அது பக்கவாட்டில் 5000 நியூட்டன், அதாவது அரை டன் அளவுக்குத் தள்ளியாக வேண்டும். நின்றுபோன புரொப்பெல்லரின் இழுவைத்தடை தனி.

ரடரின் பலம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 120 மைல் 170 ஆனால் அது இரட்டிப்பாகிறது. அதே நேரம் எஞ்சினின் இழுவிசை கிட்டத்தட்டக் கால் பங்கு குறைகிறது. இந்த இரண்டும் எங்கே சமமாகின்றனவோ அதுதான் பாதுகாப்பு வேகம். மஸ்கிட்டோவில் சிமுலேட்டர்ப் பயிற்சிக்கு 170 மைல் என்று வைத்துக்கொள்ளலாம்; பூஸ்ட் கூடக்கூட அதுவும் கூடும். தரையை விட்டதும் மூக்கைத் தூக்காமல் சக்கரத்தை மடக்கி, தாழ்வாகவே பறந்து அந்த வேகத்தைச் சேர்க்க வேண்டியது இதற்காகத்தான்.

அந்த வேகத்துக்குக் கீழே எஞ்சின் நின்றால், நல்ல எஞ்சினின் த்ராட்டிலைக் குறைக்க வேண்டும். கை இதற்குச் சுலபத்தில் சம்மதிக்காது. ஆனால் முழு பூஸ்டில் வைத்தால் விமானம் புரண்டு தலைகீழாகத் தரையில் விழும். குறைத்தால் நேராக முன்னால் இறங்கலாம்.

வேகம் இருந்தால் ரடரால் நேராக்குங்கள். எந்தக் கால் வேலையில்லாமல் இருக்கிறதோ அந்தப் பக்க எஞ்சின்தான் செத்தது. அதன் த்ராட்டிலை முழுக்க மூடிப் பாருங்கள். எதுவும் மாறாவிட்டால் கணிப்பு சரி. பிறகுதான் இலைகளைக் காற்றுக்கு இணையாகத் திருப்பும் ஃபெதர் பொத்தான். இந்தப் பொத்தானை அழுத்தி விட்டுவிட வேண்டும். அது தானே உள்ளே நிற்கும், வேலை முடிந்ததும் தானே வெளியே குதிக்கும். பொத்தானை அழுத்தியே பிடித்திருந்தால் எண்ணெய் அழுத்தம் ஏறி, இலைகள் பழைய நிலைக்கே திரும்பத் தொடங்கும். ஃபெதர் ஆனதும் எரிபொருளையும் பற்றவைப்பையும் அடைத்து, அந்தப் பக்க ரேடியேட்டர்க் கதவையும் மூடுங்கள். உயிருள்ள எஞ்சின் பக்கம் ஐந்து பாகைக்குள் சாய்த்து வைத்தால் ரடரின் சுமை குறையும்.

இங்கே வீட்டு சிமுலேட்டர் ஒரு பொய் சொல்கிறது. உண்மை விமானத்தில் முழு ரடரைப் பிடித்து வைக்கக் கால் நடுங்கும். வீட்டுப் பெடலின் சுருள்வில் எந்த வேகத்திலும் ஒரே எதிர்ப்புதான் காட்டும். அதனால் ரடர் ட்ரிம் (காலின் சுமையைக் குறைக்க ரடரை ஒரு பக்கம் தானே நிற்க வைக்கும் கட்டுப்பாடு) தேவையில்லை என்று தோன்றும். இருந்தாலும் போடுங்கள். இல்லாவிட்டால் கவனம் தவறிக் கால் தளரும் ஒரு கணத்தில் விமானம் கையை விட்டுப் போகும்.

இறங்கும்போது

சக்கரத்துக்கு 180 மைல், முழு மடிப்புக்கு 150 மைல் மேல் வரம்பு. ஓடுபாதை விளிம்புக்கு 120-125 மைலில் வரலாம். ஒரே எஞ்சினில் வரும்போது சக்கரத்தையும் மடிப்பையும் தாமதமாக இறக்குங்கள். இரண்டும் முழுக்க இறங்கியபின் மறுபடி மேலேறும் யோசனையே வேண்டாம். ஒரு மெர்லினால் அந்தத் தடையைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது.

சக்கரம் தரையைத் தொட்டதும் இரண்டு த்ராட்டிலையும் கடைசி வரை இழுத்து மூடுங்கள். ஒரு சென்சார் பூஜ்யத்துக்கு வராமல் மூன்று சதவீதத்தில் நின்றாலும், வேகம் குறைந்து ரடர் செத்த நேரத்தில் அந்த எஞ்சின் விமானத்தைப் பக்கவாட்டில் சுழற்றிவிடும். தொடக்கத்தில் கீழ் எல்லையைத் திருத்தச் சொன்னது இந்தக் கடைசி இருநூறு மீட்டருக்காக.